மருந்து தீந்துபோச்சுன்னு சொன்னேன்

எங்க ஏரியாவுல இருமினா யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. திருவொத்தியூர்ல, கடலுக்கும் மணலி கம்பெனிங்களுக்கும் நடுவுல கீது எங்க தெரு. விடியக்காத்தால காத்து கரையிலேர்ந்து கடல் பக்கம் திரும்பும்போது ஒரு நாத்தம் வரும். சில நாளு அழுகின முட்ட, சில நாளு கேஸ் அடுப்பத் தெறந்து வுட்டு மறந்த மாதிரி. எந்தக் கம்பெனிலேர்ந்து வருதுன்னு எங்களுக்குத் தெரியாது, கேட்டா ஒருத்தனும் ஒத்துக்க மாட்டான். கண்ணு எரியும், தொண்ட அரிக்கும், தெருவே இருமும். அதுக்கு நாங்க வெச்ச பேரு கம்பெனி இருமல். பால்காரன் இருமினாலும் கம்பெனி இருமல், பள்ளிக்கூடத்துப் புள்ள இருமினாலும் கம்பெனி இருமல். அதுக்குன்னு டாக்டர்கிட்ட யாரும் போனதில்ல. காத்து மாறினா போயிடும்.

ஒண்ண மொதல்லயே சொல்லிடறேன். எங்க அக்கா செத்ததுக்கு பாதி காரணம் இந்தப் பேரு. மீதி பாதி நான். தெருவுல ஒருத்தருக்கும் இது தெரியாது. ரொம்ப நாளு என் பொண்டாட்டிக்கும் தெரியாது.

எனக்கு இப்ப எழுவது. முப்பது வருஷம் டிரெய்லர் ஓட்டினவன். கன்டெய்னர ஏத்திகினு எண்ணூர் ரோட்லேர்ந்து ஹார்பர் கேட் வரைக்கும் லைன்ல நின்னே பாதி ஆயுசு போச்சு. வண்டியிலயே சோறு, வண்டியிலயே தூக்கம். எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் வராதுன்னு ஊரெல்லாம் பீத்திகினு திரிஞ்ச ஆளு நான். தலைக்கு மை அடிக்காம தெருமுனை தாண்ட மாட்டேன், இப்பவும்தான்.

அக்கா என்னவிட ஆறு வயசு பெருசு. காசிமேட்டுல மீன் எடுத்து, கூடைய தலையில வெச்சுகினு தெருத்தெருவா வித்த பொம்பள. அது கத்தற கத்துக்கு நாலு தெரு தள்ளி கெடக்கற பூனகூட எழுந்து வரும். மாமா போனப்புறம், புள்ளகுட்டியும் இல்லாததால, எங்க வூட்டுக்கே வந்துடுச்சு. எங்க ஒரே பொண்ண மீஞ்சூர்ல கட்டிக் குடுத்தாச்சு. அக்கா, நான், என் பொண்டாட்டி, மூணு பேருதான் வூட்ல. அதுங்க ரெண்டும் காலைல சண்ட போடும், மத்தியானம் ஒரே சட்டில வழிச்சு சாப்புடும். என்ன திட்டணும்னா மட்டும் ரெண்டும் ஒரே கட்சி.

அந்தக் கத்தின தொண்டதான் கடைசில வம்பு பண்ணுச்சு. அக்காவுக்கு வீசிங். மாடிப்படி நாலு ஏறினா நின்னு மூச்சு வாங்கும். வாயில வெச்சு அடிக்கிற பம்பு ஒண்ணு எப்பவும் இடுப்புல சொருகியிருக்கும், முன்ன வெத்தல சுருக்குப்பை இருந்த எடத்துல. கம்பெனி நாத்தம் வர்ற நாள்ல அந்தப் பம்பும் பத்தாது.

அக்கா போனதுக்கு முந்தின புரட்டாசி கடைசி அது. ரெண்டு தெரு தள்ளி ஒரு கிளினிக் கீது. அங்க இருக்கற டாக்டரம்மா அக்கா நெஞ்சுல குழாய வெச்சுக் கேட்டுட்டு, மழை ஆரம்பிக்கறதுக்குள்ள மூணு பேரும் ஃப்ளூ ஊசி போட்டுகினே ஆவணும்னாங்க. அப்பால என்ன மட்டும் தனியாக் கூப்புட்டு, உங்க அக்காவுக்கு நுரையீரல்ல தெம்பு இல்ல, இந்த மழைக்கு ஒரு பெரிய ஜுரம் வந்தா மீட்டுக் கொண்டாறது கஷ்டம், ஊசி போட்டா வரவே வராதுன்னு சொல்லல, வந்தாலும் ஆள சாய்க்காம வுட்டுடலாம்னு சொன்னாங்க. நான் தலைய ஆட்டினேன். எனக்கு நல்லாவே புரிஞ்சுது, புரியலன்னு சொன்னா அது பொய்.

வூட்டுக்கு வந்து சொன்னா, அக்கா ஒரே வார்த்தைல முடிச்சுடுச்சு. "நீ மொதல்ல போட்டுக்கோ நைனா. நீ வெளிய வந்தப்பறம்தான் நான் உள்ள போவேன்."

அது ஏன் அப்படிச் சொல்லிச்சுன்னா, அதுக்கு ஒரு பழைய கதை கீது. எனக்கு ஆறு வயசு, அதுக்குப் பன்னெண்டு. அம்மை குத்தறவங்க எங்க குப்பத்துக்கு வந்தாங்க. புள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சு கைல குத்திகினே வந்தாங்க. நான் அழுது பொரண்டேன். நான் மொதல்ல குத்திக்கறேன், நீ பாத்துகினே இரு, வலிக்கலன்னா நீயும் வான்னு சொல்லிட்டு அக்கா முன்னால போச்சு. குத்தும்போது பல்லக் கட்ச்சிகினு என்னப் பாத்து சிரிச்சுது. அது சிரிச்சு முடிக்கறதுக்குள்ள நான் ஒரே ஓட்டம். கரையில கவுத்துப் போட்டிருந்த படகுக்கு அடியில பூந்துகினு, அவங்க பொட்டிய கட்டிகினு போற வரைக்கும் வெளிய வரல. அக்கா கைல வட்டமா ஒரு தழும்பு. என் கை வழவழன்னு சும்மா. அறுவது வருஷமா வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் ஜாக்கெட்டுக் கைய ஏத்திக் காட்டி, இவன் ஓடிப்போனவன்னு சொல்லிச் சொல்லி என் மானத்த வாங்கும். என் கல்யாணத்தன்னைக்குக்கூட சொல்லிச்சு.

இந்தத் தடவ உன் முறை, ஓடினா தெரியும்னு சொல்லி சிரிச்சுது. சிரிக்கும்போதே இருமல் வந்து, பம்பத் தேடுச்சு.

நான் ஊசி போட்டுக்கல. அப்ப யாராவது கேட்டிருந்தா ஆயிரம் காரணம் சொல்லியிருப்பேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கொரோனா டைம்ல ரெண்டு ஊசி போட்டேன், அதுவும் போடலன்னா வண்டிய ஹார்பர் உள்ள வுட மாட்டோம்னு சொன்னதால. ரெண்டாவது ஊசிக்கு மூணு நாளு ஜுரம். என்கூட வண்டி ஓட்டின ஒருத்தன், ஊசி போட்டு ரெண்டு மாசத்துல நெஞ்சப் புட்ச்சிகினு போயிட்டான். ஊசிதான் அவனத் தூக்கிடுச்சுன்னு டீக்கடைல குந்தற எங்க செட்டு தீர்ப்பு சொல்லிடுச்சு. அவனுக்கு சுகர் இருந்துச்சு, ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு பீடி ஊதுவான், எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனா அந்தக் கதை எனக்கு சௌகரியமா இருந்துச்சு, அதனால நானும் நாலு பேருகிட்ட சொன்னேன்.

ஃப்ளூன்னா இன்னா, ஜல்புதானே, ஜல்புக்குப் போயி ஊசியான்னான் ஒரு தோஸ்து. வருஷா வருஷம் போடணும்னா அது ஊசியா, இல்ல வண்டிக்குக் காட்டற எஃப்.சி.யான்னான் இன்னொருத்தன். நல்லா சிரிச்சோம். சிரிச்ச நாலு பேரும் அறுவதத் தாண்டினவங்க, நாலு பேருக்கும் இருமல்.

அதோட நாக்கு வேற. என் பொண்டாட்டி பெருமாளுக்கு விரதம்னு புரட்டாசி முச்சூடும் வூட்ல கவிச்சிய நிறுத்திடுவா. மீன்காரிக்கு ஒரு மாசம் மீன் இல்லன்னா எப்படி இருக்கும்? அந்த மாசம் முடிஞ்ச மறுநாளே வஞ்சிரம் வந்துடுச்சு. ஊசி போட்டா ஏழு நாளு கவிச்சி ஆவாதேன்னு அக்கா சும்மா வாய்ல வந்தத சொல்லிச்சு. எங்க ஆளுங்க வழக்கம் அது, எந்த ஊசி போட்டாலும் மீனு, கருவாடு, கத்திரிக்கா கிட்ட போவ மாட்டாங்க. டாக்டரம்மாவக் கேட்டிருந்தா அப்படியெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொல்லியிருப்பாங்க. நான் கேக்கல. அந்தப் பேச்ச அப்படியே லபக்குனு புட்ச்சிகினேன். பாவம், நாக்கு செத்துப் போயி கீது, ஒரு வாரம் நல்லா சாப்புடட்டும், அப்பால போவோம்னேன். அக்கா மேல எனக்கு எவ்ளோ பாசம் பாருங்க.

தீவாளி போச்சு. மழை ரெண்டு நாளு ஊத்திட்டு நின்ன ஒரு காலைல, என் பொண்டாட்டி பொண்ணப் பாக்க மீஞ்சூருக்கு டிரெயின் ஏறிட்டா. போறதுக்கு முன்ன என் முன்னால நின்னுகினு, நான் திரும்பி வர்றதுக்குள்ள அண்ணிக்கு ஊசி போட்டிருக்கணும்னு சொல்லிட்டுப் போனா. வேற வழியில்ல, கெளம்பினோம். அக்கா நல்ல பொடவ கட்டிகினு வந்துச்சு. ரெண்டு தெருவ நடக்கறதுக்குள்ள மூணு தடவ நின்னுச்சு.

கிளினிக் வாசல்ல ஒரு பெஞ்சு. அக்கா அதுல குந்திகினு, ஜாக்கெட்டுக் கைய அப்பவே மேல ஏத்தி மடிச்சு வெச்சுகினு, போடா, போயிட்டு வான்னுச்சு. நான் உள்ள போனேன்.

செவுத்துல ஒரு தாளு ஒட்டியிருந்தாங்க. முதியோர்களுக்கான தடுப்பூசின்னு கொட்ட எழுத்து, பக்கத்துல கோல ஊனிகினு கூன் போட்ட ஒரு கெயவன் படம். அதுக்குக் கீழ ஒரு ஸ்டூலு. ஊசி போடற பொண்ணு என் பொண்ணவிடச் சின்னது. வாங்க தாத்தா, உக்காருங்க தாத்தான்னுச்சு. நான் முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். பட்டன் நான் அவுத்து வுடவா தாத்தான்னு கேட்டுச்சு. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல, மரியாதையாத்தான் பேசுச்சு. எனக்குத்தான் உள்ள சுர்ருன்னுச்சு. முப்பது வருஷம் நாப்பதடி வண்டிய ரிவர்ஸ் எடுத்தவன், எனக்கு இவ பட்டன் அவுக்கறாளாம். செவுத்துல இருக்கற கெயவன் நான்தானாம்.

அந்தப் பொண்ணு மருந்த ஊசில ஏத்தி, மேல தூக்கிப் புட்ச்சி ஒரு சொட்டு வெளிய வுட்டுச்சு. அதப் பாத்தேன். கோவம்னு இவ்வளவு நேரம் நெனச்சுகினு இருந்தேன், இல்ல, பயம். படகுக்கு அடியில இருந்த அதே பயம். ஃபோன் வருதுன்னு சொல்லிட்டு எழுந்தேன். தாத்தா, தாத்தான்னு அது கூப்புட்டுது. நான் திரும்பல.

வெளிய வந்தா அக்கா கைய மடிச்சது மடிச்சபடி குந்திகினு கீது. தழும்பு வெயில்ல தெரியுது. போட்டுகினியா, வலிச்சுதான்னு கேட்டுச்சு. ஓடிவந்துட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இன்னும் எத்தினி வருஷம் அத சொல்லி சிரிக்கும்னு அந்த நேரத்துல அதான் என் மண்டைல ஓடுச்சு.

"மருந்து தீந்துபோச்சாம்க்கா. வந்தா சொல்றேன்னாங்க."

அக்கா என் மூஞ்சிய ஒரு நிமிஷம் பாத்துச்சு. அப்பால ஜாக்கெட்டுக் கைய கீழ எறக்கி வுட்டுகினு, அது போவட்டும் நைனா, நீ உள்ள வரைக்கும் போனியே, அதே பெருசுன்னுச்சு. சிரிச்சுது. நம்பிடுச்சு. வூட்டுக்குத் திரும்பும்போதும் மூணு தடவ நின்னுச்சு. ஒவ்வொரு தடவயும் நான் கூட நின்னேன்.

முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கறதுன்னு சொல்லுவாங்க. மறைக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. தெனம் அந்த சோத்தத் தின்னணும், அதுதான் பேஜாரு. பொண்டாட்டி மீஞ்சூர்லேர்ந்து வந்தா, அவகிட்டயும் அதையே சொன்னேன். அக்கா வாரத்துக்கு ஒரு தடவ, சோறு போடும்போது கேக்கும், மருந்து வந்துச்சா நைனா. வரலக்கா. அடுத்த வாரம் கேக்கும். வரலக்கா. நான் கிளினிக் இருக்கற தெருவுலயே நடக்கறத வுட்டுட்டேன். அந்தப் பொண்ணு என்னப் பாத்துடக் கூடாதுன்னு சுத்திகினு போவேன்.

கார்த்திக கடைசில டீக்கடை தோஸ்து ஒருத்தன் மூக்க ஒறிஞ்சிகினே எங்களோட குந்தியிருந்தான். ஒரே பென்ச்சு, ஒரே பேப்பரு, மழைக்கு ஒதுங்கி எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர். ரெண்டு நாளு கழிச்சு எனக்குத் தொண்ட அரிச்சுது. அதே ரெண்டு நாளாத்தான் விடியல்ல நாத்தமும் வந்துகினு இருந்துச்சு. கம்பெனி இருமல்னு நானே சொல்லிகினேன். ஒடம்பு சுட்டுச்சு, மழைல நனைஞ்சதுன்னு நெனச்சேன். என் பொண்டாட்டி நெத்தில கைய வெச்சுப் பாத்துட்டு, தெருவே இருமுது, உனக்கு மட்டும் தனியா வந்துடுச்சான்னா.

மூணாவது நாளு விடியல்ல நாத்தம் ரொம்ப அதிகம். அந்த மாதிரி நாள்ல இன்னா பண்ணணும்னு எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும். ஜன்னல்லாம் சாத்தணும். துண்ட நனைச்சுக் கதவுக்குக் கீழ சந்துல அழுத்தணும். வூட்ல கீற எல்லாரும் உள் ரூம்புக்குப் போயி, ஃபேனக்கூட போடாம, காத்து மாறற வரைக்கும் ஒண்ணாக் குந்தணும். இத நாங்க ஒழுங்கா செய்வோம். எந்த அதிகாரியும் சொல்லிக் குடுக்கல, நாங்களே கத்துகினது.

அக்காவுக்காக நான் அன்னைக்கு இன்னும் ஒழுங்கா செஞ்சேன். ஒரு சின்ன சந்துகூட வுடல. ஜன்னல் ஓரத்துக்குப் பழைய துணிய கிழிச்சு சொருகினேன். அக்காவக் கட்டில்ல சாச்சு வெச்சு, அதுக்குப் பக்கத்துல ஒட்டிக் குந்திகினு, பம்ப நானே அடிச்சு வுட்டேன். முதுகத் தடவி வுட்டேன். இருமினேன். அது மூஞ்சிக்கு நேரா, ஒரு முழம் தள்ளி, இருமிகினே இருந்தேன். விடியல்லேர்ந்து மத்தியானம் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அந்த ரூம்புல மூணு பேரும் என் மூச்சத்தான் இஸ்துகினு இருந்தோம். பயப்புடாதக்கா, நான் கீறேன்னு வேற சொன்னேன்.

ரெண்டு நாளு கழிச்சு அக்கா படுத்துடுச்சு. ஒடம்பு கொதிக்குது, எலும்பெல்லாம் வலிக்குதுங்குது, பம்பு அடிச்சா கேக்கல. என் பொண்டாட்டிக்கும் ஜுரம், ஆனா அவ எழுந்து நடமாடிகினு இருந்தா. டாக்டரம்மாகிட்ட இட்டுகினு போ, போன்னு என்ன அடிக்காத கொறை. நான் போவல. போனா ஊசி போடற பொண்ணு ஏன் ஓடினீங்கன்னு கேக்கும், அக்கா முன்னாலயே கேக்கும். மெடிக்கல் ஷாப்புல ஜுர மாத்திரையும் டானிக்கும் வாங்கியாந்து குடுத்தேன். காத்து மாறட்டும், சரியாயிடும்னேன். ரெண்டு முழு நாளு அப்படியே போச்சு. இத எழுதும்போது என்ன நானே செவுல்ல அறையணும் போல கீது.

அப்பால அக்கா ஒதடு நீலமாச்சு. ஆட்டோவுல தூக்கிப் போட்டுகினு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஓட எங்க வுட்டாங்க? ரோடு முச்சூடும் டிரெய்லர், கன்டெய்னரோட லைன் கட்டி நிக்குது. முப்பது வருஷம் நானும் அப்படித்தான் வழிய அடைச்சுகினு நின்னேன், பின்னால எந்த ஆட்டோவுல யாரு கெடக்கறாங்கன்னு ஒரு நாளும் எட்டிப் பாத்ததில்ல. எறங்கி ஒவ்வொரு டிரைவர்கிட்டயும் கும்புட்டு, வண்டிய ரவ ஒதுக்கச் சொல்லிக் கெஞ்சிகினே ஆட்டோவுக்கு முன்னால நடந்தேன்.

ஆஸ்பத்திரில மூக்குல குச்சி வுட்டு டெஸ்ட் எடுத்தாங்க. ஃப்ளூன்னாங்க, நெஞ்சு முழுக்க எறங்கிடுச்சுன்னாங்க. கம்பெனி புகைலேர்ந்து வந்ததுங்க சார்னு நான் சொன்னேன். சின்ன வயசு டாக்டர்தான், பொறுமையா சொன்னாரு. புகை இவங்க நுரையீரலக் கெடுத்து வெச்சிருக்குது, வாஸ்தவம், ஆனா இப்ப படுக்க வெச்சது புகை இல்ல பெரியவரே, இது ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு வர்றது, வூட்ல யாருக்கு மொதல்ல ஜுரம் வந்துச்சுன்னாரு. நான் எனக்குன்னு சொல்றதுக்குள்ள, இந்த வருஷம் தடுப்பூசி போட்டாங்களான்னு அடுத்தத கேட்டுட்டாரு.

அக்காவுக்கு மூஞ்சி மேல ஆக்சிஜன் மூடி. அது கேட்டுகினுதான் இருந்துச்சு. மூடிய ஒரு கையால வெலக்கிட்டு, எனக்காக அதுவே பதில் சொல்லிச்சு.

"நாங்க போனோம் சார். மருந்து தீந்துபோச்சு. என் தம்பி உள்ள வரைக்கும் போயி கேட்டான்."

டாக்டர் அத அப்படியே எழுதிகினாரு. அக்கா என் கையப் புட்ச்சிகிச்சு. சொல்லிடணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. இப்ப சொன்னா இருக்கற மூச்சும் போயிடுமோன்னு எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிகினேன். அதுதான் கடைசி சாக்கு. அஞ்சாவது நாளு மத்தியானம், என் பொண்டாட்டி கஞ்சி எடுத்தாரப் போயிருந்த நேரம், அக்கா போயிடுச்சு.

வூட்ல கெடத்தியிருந்தப்ப, வாய்க்கரிசி போட குனிஞ்சேன். பொடவ கொஞ்சம் வெலகி கை தெரிஞ்சுது. அந்தத் தழும்பு அப்படியே கீது. நான் அரிசிய எங்க போட்டேன்னே தெரியல. ஆம்பளைங்க அழக் கூடாதுன்னு ஒருத்தர் என்னத் தூக்கி வுட்டாரு.

தெருவே ஒரே முடிவுக்கு வந்துடுச்சு, கம்பெனி புகைதான் கொன்னுதுன்னு. ஆஸ்பத்திரில ஃப்ளூன்னுதான் சொன்னாங்கன்னு என் பொண்டாட்டியே சொன்னா, ஆனா அந்தப் புகை இல்லன்னா அண்ணி தாங்கியிருக்கும்னும் சொன்னா. அதுவும் பொய்யில்ல. பதினாறாம் நாளு முடிஞ்சு, தெருக்காரங்க எல்லாம் சேர்ந்து ரோட்ல குந்தி மறியல் பண்ணாங்க. அக்கா ஃபோட்டோவப் பெருசா ஃப்ளெக்ஸ்ல அடிச்சு, நச்சுப் புகைக்குப் பலின்னு கீழ எழுதி, தெருமுனை கம்பத்துல கட்டினாங்க. என் பொண்டாட்டி மொத ஆளா முன்னால நின்னா. வந்த அதிகாரிங்கள, எங்க அண்ணி உசுர திருப்பிக் குடுங்கடான்னு கேட்டா. அவ்வளவு சாதுவான பொம்பள, தொண்ட கட்டிப் போற வரைக்கும் கத்தினா. நான் அவளுக்குப் பின்னால தல குனிஞ்சு நின்னேன். துக்கத்துல நிக்கறேன்னு எல்லாரும் நெனச்சாங்க.

அதுலேர்ந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துடுச்சு. விடியல்ல நாத்தம் வந்தா, எனக்கு ஒரு இருமல் வந்தாலும் சரி, உள் ரூம்புல குந்த மாட்டேன். வாசப்படில போயி குந்திக்குவேன். கண்ணு எரியும், பரவால்ல. எது கம்பெனி இருமல், எது என் இருமல்னு எனக்குத் தெரியாது. என் பொண்டாட்டி ஒவ்வொரு தடவயும் கதவத் தெறந்து, யோவ் பைத்தியமா உனக்கு, உள்ள வான்னு கைய புட்ச்சி இஸ்துகினு போவா. வீம்பு பண்ணிட்டு, கடைசில போவேன்.

போன ஐப்பசி. இந்தத் தடவயாவது மருந்து தீர்றதுக்குள்ள போயிடணும்யான்னு அவளே காலைல என்னக் கெளப்பினா. வேற எடத்துக்குப் போலாம்னேன். அண்ணி நெஞ்ச அந்த டாக்டரம்மா எப்படிப் பாத்துகினாங்க, அவங்ககிட்டதான் போவணும்னா. ஊசி போடற பொண்ணு மாறியிருக்கும், எங்க ஞாபகம் இருக்கப் போவுதுன்னு என்ன நானே தேத்திகினு போனேன்.

அதே பெஞ்சு, அதே தாளு, அதே பொண்ணு. ஸ்டூல்ல குந்தினதும் சட்டைய நானே கழட்டினேன். அந்தப் பொண்ணு மருந்த ஏத்திகினே என் மூஞ்சிய உத்துப் பாத்துச்சு. என் பொண்டாட்டி எனக்குப் பின்னால, தோள் மேல கை வெச்சுகினு நிக்கறா.

"தாத்தா, அன்னைக்கு ஓடிப்போனது நீங்கதானே? மருந்த ஊசில ஏத்தினப்பறம் எழுந்து போயிட்டீங்க, வீணாப்போச்சுன்னு டாக்டரம்மா என்னத் திட்டினாங்க. வெளிய ஒரு அம்மா கைய மடிச்சு வெச்சுகினு குந்தியிருந்தாங்களே, அவங்க வரலியா?"

தோள் மேல இருந்த கை எடுபட்டுது. நான் திரும்பிப் பாக்கல. அந்தப் பொண்ணு பஞ்சால தடவி ஊசிய எறக்கிச்சு. எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். அந்த அளவுக்குத்தான் வலி. அதுக்கா ஓடினேன்?

என் பொண்டாட்டியும் போட்டுகினா. அந்தப் பொண்ணு கேட்டதுக்கெல்லாம் ஒழுங்கா பதில் சொன்னா. வரும்போது எனக்கு நாலடி முன்னால நடந்தா. தெருமுனைல அந்த ஃப்ளெக்ஸு வெயில்ல வெளுத்துப் போயி கீது, அக்கா மூஞ்சி பாதி போயிடுச்சு. அதுக்குக் கீழ நின்னா. அப்பால என்னப் பாக்காமலே சொன்னா.

"வாரா வாரம் கேட்டுச்சேய்யா அண்ணி. மருந்து வந்துச்சா, மருந்து வந்துச்சான்னு."

அவ்வளவுதான். திட்டல, அழல. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். அன்னைலேர்ந்து சோறு போடுவா, துணி தொவச்சு வெப்பா, பொண்ணு ஃபோன் பண்ணா நல்லா கீறோம்னு சொல்லுவா. என்கிட்ட பேச்சு நின்னுபோச்சு.

மார்கழி மொத வாரம் விடியல்ல நாத்தம் வந்துச்சு. நல்ல பனி வேற, எதுத்த வூடு தெரியல. எனக்கு மொத நாளு சாயங்காலத்துலேர்ந்தே தொண்டைல ரவ அரிப்பு. எழுந்தேன், இருமினேன். அவ ஜன்னலெல்லாம் சாத்திகினு இருந்தா. நான் வழக்கம் போல வெளிய வந்து வாசப்படில குந்திகினேன். பனிக்குள்ள தெரு முச்சூடும் இருமல் கேக்குது, ஒரு ஆளும் கண்ணுக்குத் தெரியல. உள்ள வாய்யான்னு அவ கூப்புடுவா, கைய புட்ச்சி இஸ்துகினு போவான்னு கதவையே பாத்துகினு இருந்தேன்.

கதவுக்குக் கீழ சந்துல ஈரத்துண்டு நொழையறது தெரிஞ்சுது. உள்ளேர்ந்து ஒரு கோடிலேர்ந்து இன்னொரு கோடி வரைக்கும் நிதானமா அழுத்தி அழுத்தி வெச்சா. அப்பால தாப்பா போட்ற சத்தம் கேட்டுச்சு. நானும் தட்டல.